பரவாது என்று நான் சொன்னேன்

என் மல்லிகா அக்கா,

காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் இப்போது நான் செய்கிற முதல் வேலை என்ன தெரியுமா? எல்லோருடைய முகத்தையும் பார்ப்பது. மூக்கோரம், காதோரம், கண்ணுக்குக் கீழே. கறுப்பாக ஏதாவது தெரிந்தால், அது மச்சமா ஆறாத புண்ணா என்று தெரியும்வரை கண்ணை எடுக்க முடிவதில்லை. போன வாரம் ஒரு பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

உன் இடது காதுக்கு முன்னால் வந்தது மிளகு அளவுதான். கிரீன் ஹவுஸில் ரோஜா வெட்டும்போது முள் கீறியது என்றே சொல்லிக்கொண்டிருந்தாய். காயும், பொருக்குத் தட்டும், சொறிந்தால் ரத்தம் கசியும். ஒன்றரை வருஷம் அப்படியே ஓடியது. ஓசூர் கம்பெனியில் முதலுதவி அறை நர்ஸாக இருக்கிற நான்தான் உன்னை இழுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போனேன். அதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

தோல் கேன்சர் என்றதும் என் மணிக்கட்டைப் பிடித்தாய். "பயப்படாதீங்கம்மா, இது சாதாரணமா வர்ற வகை. வேற உறுப்புக்குப் போறது அபூர்வத்துலயும் அபூர்வம்" என்றார் டாக்டர். வெட்டி எடுத்தார்கள். பரிசோதனை முடிவு வந்தபோது, ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, ஒரு மாதத்துக்குள் வந்து மறுபடி வெட்டிக்கொள்ளுங்கள் என்றார்.

உன் ஊரான பேரிகைக்குத் திரும்பும் பஸ்ஸில் நீ கேட்டாய்.

"ஏண்டி சுமதி, பரவாதுன்னுதான சொன்னாரு?"

"பரவாதுக்கா."

"அப்ப பிப்ரவரி பூ சீசன் முடியட்டுமா? இப்ப லீவு போட்டா சூப்பர்வைசர் வேற ஆளப் போட்டுருவான்."

"சரிக்கா. அவசரம் ஒண்ணும் இல்ல."

அபூர்வம் என்று அவர் சொன்னதைப் பரவாது என்று மாற்றியது நான்.

சீசன் முடிந்தது. தழும்பு வழவழப்பாக ஆறியிருந்தது. நீயும் கேட்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை. மூன்றாம் வருஷம் தழும்பு பிளந்தது. கழுத்தில் கட்டி வந்தது. பிறகு அந்த வறட்டு இருமல். பெங்களூரில் ஸ்கேன் எடுத்தால் நுரையீரல் முழுக்கப் புள்ளிகள். அங்கிருந்த டாக்டர்களே நம்பவில்லை. இது வேறு கேன்சராக இருக்கும் என்று ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்தார்கள். காதோரம் இருந்த அதே செல்கள்.

இளம் டாக்டர்கள் கூட்டமாக வந்து உன் ஃபைலைப் புரட்டிப் பார்த்தார்கள். "யாருக்கும் வராதது எனக்கு வந்திருக்குதாம்டி. கடைக் குலுக்கல்ல ஒரு குக்கர்கூட எனக்கு விழுந்ததில்ல" என்றாய். சிரித்தாய். பிறகு இருமினாய்.

அன்றே வெட்டியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று பெரிய டாக்டரை வராந்தாவில் பிடித்துக் கேட்டேன். "ஹேளக்காகல்லம்மா" என்றார் கன்னடத்தில். எனக்குப் புரிந்ததோ இல்லையோ என்று, "சொல்ல முடியாது" எனத் தமிழிலும் சொன்னார்.

உன்னைக் கட்டிய மாமா வார்டில் வைத்துக் கேட்டது நினைவிருக்கிறதா? "ரெண்டாவது தடவ வெட்டிக்க வேண்டாம்னு யாரு சொன்னது?" நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தேன்.

"யாரும் சொல்லல. நான்தான் போகல. சோம்பேறித்தனம்" என்றாய்.

ஒரு நாளும் சோம்பி உட்காராதவள் அப்படிச் சொன்னாய். ஏன் அக்கா? என்னைக் காப்பாற்றவா? இல்லை, என் வாயாலேயே வரட்டும் என்று காத்திருந்தாயா? அதற்குப் பிறகு நாற்பது நாள் இருந்தாய். நாற்பது நாளும் கஞ்சி ஊட்டினேன், முதுகு துடைத்துவிட்டேன். அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

நீ போய்ப் பதினோரு மாதம் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை பேரிகைக்குப் போய் மாமாவிடம் சொல்லிவிட்டேன். தக்காளித் தோட்டத்துக்கான சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். நிமிராமல் அடுத்த துளையைக் குத்தினார். திட்டட்டும், அடிக்கட்டும் என்றுதான் நின்றேன்.

"அன்னிக்கு பஸ்ல அவ எந்தப் பக்கம் உக்காந்திருந்தா?" என்றார்.

"ஜன்னலோரம், மாமா."

"பயந்தாளா?"

"இல்ல மாமா. சூளகிரியில வேர்க்கடல வாங்கித் தின்னா."

தலையை ஆட்டினார். குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குள் நடந்துவிட்டார். தக்காளி வரிசைக்கு நடுவே அவர் முதுகு குலுங்குவது தெரிந்தது. நான் பக்கத்தில் போகவில்லை. போகிற உரிமை எனக்கு இருக்கிறதா?

நேற்று எங்கள் கம்பெனியில் பெயிண்ட் அடிக்கும் பிரிவிலிருந்து ஒருவர் கை கீறலுக்கு மருந்து போட வந்தார். மூக்கோரம் ஒரு புண். ஆறு மாதமாக ஆறவில்லையாம். "சின்னதுதான சிஸ்டர், ஒண்ணும் ஆகாதில்ல?" என்றார். பழைய பதில் என் நாக்கு நுனிவரை வந்தது.

"எனக்குத் தெரியாதுங்க. டாக்டரப் பாத்துரலாம். அவரு மறுபடி வாங்கன்னா, சொன்ன தேதியில போயிரணும். நானும் கூட வர்றேன்."

அவர் முகம் வெளுத்தது. நான் தேற்றவில்லை.

இனி யாருடைய பயத்தையும் பொய் சொல்லி ஆற்ற மாட்டேன், அக்கா. அடுத்த ஞாயிறும் பேரிகைக்குப் போவேன். மாமா முகம் கொடுக்காவிட்டாலும் போவேன். அவர் கேட்கக் கேட்க, உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்வேன். எதையும் மாற்றாமல் சொல்வேன்.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
சுமதி