கழன்ற பாஸ்பேட்

அன்புக் கணவனுக்கு,

இந்த டண்டீ ஊரில் ஓயாத மழை. இன்று ஆய்வகத்தில் செல்களை உடைக்கும்போது, பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியைத் தடுக்கிற மருந்தைச் சேர்க்க மறந்துவிட்டேன். கைனேஸ் என்ற நொதி என் புரதத்தில் ஒட்டிவைத்த பாஸ்பேட் எல்லாம் போய், அதைக் காட்டவேண்டிய படத்தில் ஒரு கோடுகூட விழவில்லை.

அலுவலக எல்ஸ்பெத் எட்டிப் பார்த்தாள். "என்ன, உன் புரதம் செத்துப்போச்சா?"

"சாகலடி. செல்லுக்குள்ள பாஸ்பேட் கழன்றா அது தூங்கும், அவ்வளவுதான். திரும்ப ஒட்டினா எழுந்துக்கும்."

"இதை உன் வீட்டுக்காரன்கிட்ட சொன்னியா?"

நான் தேநீர் போடப் போய்விட்டேன்.

நீ போன மறுநாள் வாசல் கதவிலிருந்து உன் பெயர்ப்பலகையைக் கத்தி முனையால் கழற்றினேன். திருகாணிகள் சமையலறைக் கிண்ணத்தில் பத்திரமாக இருக்கின்றன. திரும்ப இறுக்கி மாட்டத் திருப்புளியைத்தான் நீ கொண்டுபோய்விட்டாய்.

இப்படிக்கு,
அதே கதவுக்குள் இருப்பவள்