ஸ்டெல்லா, உன் பெயர்மேல் பஞ்சு ஒட்டினார்கள்

என் ஸ்டெல்லா செல்லத்துக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். நீ இருக்கும் இடத்தில் நலத்துக்குக் குறைவே இருக்காது என்று உங்கள் பங்குச் சாமியாரும் எங்கள் வீதி பட்டரும் ஒரே மாதிரி சொல்லிவிட்டார்கள். நலமில்லாமல் இருப்பது இங்கே நான்தான். எனக்கு வந்திருக்கும் கோபத்தை உன்னைத் தவிர வேறு யாரிடமும் கொண்டுபோய்க் கொட்ட முடியாது. அதனால் பேசாமல் உட்கார்ந்து கேள்.

முதலில் உன்மேல் உள்ள கோபத்தைத் தீர்த்துக்கொள்கிறேன். போன டிசம்பர் முழுக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "வாயுதான் ரங்கா, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிச் சொல்லி ஓமவாட்டர் குடித்தாயே, அது என்ன பிடிவாதம்? தில்லை நகரில் தடுக்கி விழுந்தால் ஒரு கிளினிக். நம் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரிலேயே இருதய டாக்டரின் போர்டு தொங்குகிறது. "புள்ளைங்களுக்கு ஜப்பான் பாடம் முடிச்சிட்டுப் போறேன்" என்றாய். ஜப்பான் முடிந்தது, பொங்கல் முடிந்தது, வெயில் வருவதற்குள் நீயும் போய்ச் சேர்ந்தாய். உன்னை மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

சரி, சேதிக்கு வருகிறேன். நம் டிசம்பர் பாடத்தை நிறுத்திவிட்டார்கள்.

நம் பாடம் என்று வாய் வருகிறது, ஆனால் அது உன் பாடம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உலகத்தின் குளிர்காலப் பண்டிகைகளைச் சொல்லித்தர வேண்டும் என்று பாடத்திட்டத்தில் ஒரு வரி இருந்தது. வேறு யாராக இருந்தாலும் நான்கு படம் ஒட்டி முடித்திருப்பார்கள். நீ தினம் ஒரு நாடு என்று வைத்துக்கொண்டாய். எந்த நாடாக இருந்தாலும் ஒரே கேள்வியில்தான் ஆரம்பிப்பாய்.

"அந்த ஊர்ப் புள்ள அன்னிக்கு எப்ப எழுந்திருக்கும், சொல்லுங்க பார்ப்போம்?"

சுவீடனில் வீட்டுப் பெண் தலையில் மெழுகுவத்திக் கிரீடம் வைத்துக்கொண்டு இருட்டிலேயே எல்லோரையும் எழுப்புவாள். ஈரானில் வருஷத்தின் நீளமான இரவில் தூங்காமல் மாதுளம்பழம் தின்றுகொண்டு கதை பேசுவார்கள். ஜப்பானில் எலுமிச்சை மாதிரி ஒரு பழத்தை வெந்நீரில் மிதக்கவிட்டுக் குளிப்பார்கள் என்று, நீ நார்த்தங்காயை வாளியில் போட்டு எடுத்து வந்தாய். மேலப்புதூர்ப் பிள்ளை கிறிஸ்துமஸ் நடு ராத்திரிப் பூசைக்கு அப்பா தோளில் தூங்கிக்கொண்டே போகும். ஸ்ரீரங்கத்துப் பிள்ளை மார்கழியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெண்பொங்கலுக்குக் கை நீட்டும். "ஆகமொத்தம் புள்ளைங்கள தூங்கவிடாம பண்றதுக்குப் பேருதான் பண்டிகை" என்று நீ முடிப்பாய். வகுப்பே மேஜையைத் தட்டும்.

யூதர் வீட்டு விளக்குகளை நடத்திய நாள் ஞாபகம் இருக்கிறதா? எட்டு நாள், தினம் ஒரு விளக்கைக் கூட்டி ஏற்றுவார்கள் என்றாய். பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். "எங்க வீட்டுல கார்த்திகைக்கு எல்லாத்தையும் ஒரே நாள்ல ஏத்திடுவோம் மிஸ். அவங்ககிட்ட எண்ணெய் பத்தலையா?" நான் சிரித்துவிட்டேன். நீ ஓடிப்போய் அவன் கன்னத்தைப் பிடித்தாய். "பத்தலடா! அதுதான்டா கதையே!" ஒரு நாளுக்கு மட்டுமே இருந்த எண்ணெய் எட்டு நாள் நின்று எரிந்த கதையை நீ சொல்லி முடிக்கும்வரை ஒரு பிள்ளைகூட அசையவில்லை.

அந்தப் பாடத்தைத்தான் வேண்டாம் என்கிறார்கள்.

இந்த வருஷம் பெற்றோர் வாட்ஸப் குழுவில் ஒரு அப்பா, "எங்க பையனுக்கு எதுக்கு கிறிஸ்துமஸ்?" என்று எழுதினார். மறுநாளே ஒரு அம்மா, "எங்க பொண்ணு எதுக்கு மார்கழிக் கோலம் போடணும்?" என்று எழுதினார். நீயாக இருந்தால் இரண்டு பேரையும் கூப்பிட்டு, கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, கையில் ஆளுக்கொரு மாதுளம்பழம் கொடுத்து உரிக்கச் சொல்லியிருப்பாய். நம் தாளாளர் அவர்களைக் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ், யாருக்கும் மனசு நோகாம ஒண்ணு பண்ணுவோம். வின்டர் கார்னிவல். ஸ்னோ, ஸ்வெட்டர், ஸ்னோமேன். ஸ்னோமேனுக்கு மதம் கிடையாது பாருங்க."

"சார், திருச்சிக்கு ஸ்னோமேனே கிடையாது."

"அதனாலதான் பேரன்ட்ஸுக்குப் பிடிக்கும். போட்டோல நல்லா வரும்."

நம் ஊர்க் குளிரின் லட்சணம் உனக்குத் தெரியும். ஃபேனை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைப்போம், அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஊரில் பிள்ளைகளுக்குப் பனி கற்பிக்க ஒரு கம்பெனியிடமிருந்து பேக்கேஜ் வாங்கினார்கள். கேள்வித்தாளும் அவர்களுடையது, விடையும் அவர்களுடையது, திருத்துவதற்கு ஒரு பெண்ணையும் அவர்களே அனுப்பினார்கள். குளிர்காலத்தில் எதை அணிவாய்? கையுறை. எதைக் கட்டுவாய்? பனிமனிதன். எதைத் திறப்பாய்? பரிசுப் பெட்டி.

யாழினியை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு ஜூனில் சேர்ந்த பிள்ளை, எங்கள் உத்திர வீதிக்காரி, கேள்வி கேட்காமல் எதையும் விழுங்காதவள். "எதைத் திறப்பாய்" என்ற இடத்தில் அவள் "சொர்க்கவாசல்" என்று எழுதியிருந்தாள். ஸ்ரீரங்கத்தில் வளரும் பிள்ளை வேறென்ன எழுதும்? வைகுண்ட ஏகாதசிக்கு அந்த வாசல் திறப்பதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ சனம் வந்து வீதியில் படுத்துக் கிடக்கிறது. கம்பெனிப் பெண் அதன்மேல் சிவப்பு மையில் பெரிதாக ஒரு இன்டு போட்டுவிட்டாள்.

மாலை பஸ் ஏறும்போது யாழினி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"மிஸ், இந்த வருஷம் சொர்க்கவாசல் தொறக்க மாட்டாங்களா?"

என் தலையில் யாரோ தண்ணீரைக் கொட்டிய மாதிரி இருந்தது. "தொறப்பாங்கடி கண்ணு. தப்பு அந்தப் பேப்பர்லதான்" என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் கோயிலைவிட அந்தத் தாளைத்தான் பிள்ளை நம்புகிறது, ஏனென்றால் அதைக் கொடுத்தது ஸ்கூல். அந்த ஸ்கூலில்தான் நானும் சம்பளம் வாங்குகிறேன். காவேரிப் பாலம் தாண்டும்வரை அந்தத் தாளையே யோசித்துக்கொண்டு வந்தேன். யாரை அடிப்பது என்றுதான் தெரியவில்லை.

இதோடு விட்டிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். கார்னிவலுக்கு முதல் நாள் மேடையில் ஃபிளெக்ஸ் கட்டினார்கள். "ஸ்டெல்லா மிஸ் நினைவு வின்டர் கார்னிவல்." நீலப் புடவையில் நீ சிரிக்கிறாய். பக்கத்தில் கேரட் மூக்கு வைத்த பனிமனிதன் உன் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறான். உன் பாடத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் வைத்த கூத்துக்கு உன் பெயரையே சூட்டியிருக்கிறார்கள், ஸ்டெல்லா! தாளாளர் அறைக்குப் போய், நான் இத்தனை வருஷத்தில் பேசாத குரலில் பேசினேன்.

"மரியாதைக்குத்தானே மிஸ் வெச்சோம்? அவங்க ஃபேமிலி வேணாம்னு சொல்லட்டும், எடுத்துடறேன்" என்றார். ஃபேமிலி நெகிழ்ந்துபோய் நன்றி சொல்லும் என்பது அவர் நினைப்பு. உன் மகள் ஜெனிட்டாவைத்தான் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்.

மறுநாள் காலை அவள் கைலாசபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மேடையைப் பார்த்தபடி நின்றாள். அப்புறம் நேரே தாளாளரிடம் போனாள். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியம்.

"சார், அம்மா பாடம் நடக்குதுங்களா?"

"இந்த வருஷம் வேணாம்னு ஒரு முடிவு எடுத்திருக்கோம்மா. அதுக்குப் பதிலாத்தான் இது."

"அப்ப அம்மா பேரும் வேணாம் சார். எடுத்துடுங்க."

"இப்பப் போய் வேற ஃபிளெக்ஸ் அடிக்க முடியாதேம்மா."

"அது உங்க பாடு சார்."

உன் பெண்தான், சந்தேகமே இல்லை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் அதற்கடுத்து நடந்ததை எப்படிச் சொல்வேன்? ஏணியைக் கொண்டுவரச் சொன்னார்கள். பனிக்காக வாங்கி வைத்திருந்த பஞ்சு மூட்டையைப் பிரித்தார்கள். பசையைத் தடவி, உன் பெயர்மேல் எழுத்து எழுத்தாகப் பஞ்சை ஒட்டினார்கள். பிறகு உன் முகத்தின்மேல். பனிமனிதன் மட்டும் மிஞ்சினான், வெள்ளைக் குவியல் ஒன்றின்மேல் கை போட்டுக்கொண்டு. யாருக்கும் கை கூசவில்லை. வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது என்ற நிம்மதிதான் எல்லோர் முகத்திலும் இருந்தது.

ஜெனிட்டா அங்கே அழவில்லை. "சித்தி, வாங்க. காபி குடிக்கப் போலாம்" என்றாள். கடையில் உட்கார்ந்து முதல் வாய் குடித்த பிறகு அழுதாள். நானும் அழுதேன். அவள் அப்பாவும் இருந்திருந்தால் அந்த ஏணியை உதைத்திருப்பார் என்று நான் சொன்னதற்கு அவள் கொஞ்சம் சிரித்தாள்.

கார்னிவல் நடந்தது. நல்ல வெயிலில் ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகள் வேர்த்து வழிந்தன. பனிமனிதன் உடுப்புக்குள் இருந்த மாணவன் வாந்தி எடுத்தான், மயங்கி விழாத குறைதான். போட்டோ நன்றாக வந்திருக்கிறதாம்.

அன்று சாயங்காலமே தாளாளரிடம் போய், திங்கட்கிழமையிலிருந்து என் வகுப்பில் ஸ்டெல்லா பாடத்தை நடத்தப்போகிறேன் என்று சொன்னேன். கேட்டுக்கொள்ளவில்லை, சொன்னேன்.

"மிஸ், நீங்க சீனியர். என்னை மெமோ குடுக்க வெச்சிடாதீங்க."

"குடுங்க சார். வாங்கிக்கறேன்."

வீட்டில் இவர், "உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்கிறார். ஸ்டாஃப் ரூமில் பாதிப்பேர் என்னைப் பார்த்ததும் நோட்டுத் திருத்தத் தொடங்கிவிடுகிறார்கள். உனக்குக் கூட்டமாக வந்து மாலை போட்டவர்கள்தான் அவர்கள். உனக்காக அழுத கண்ணை அவர்கள் எப்போது துடைத்தார்கள்? நான் கவனிக்கவே இல்லையே.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். உன்னைப்போல எனக்கு ஏற்ற இறக்கமெல்லாம் வராது. ஆனாலும் கேட்டேன், "அந்த ஊர்ப் புள்ள அன்னிக்கு எப்ப எழுந்திருக்கும்?" என்று. நாற்பது கையும் ஒரே நேரத்தில் மேலே போனது. இடைவேளை மணி அடித்ததுகூட எங்களுக்குக் காதில் விழவில்லை. மத்தியானமே மெமோ வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கி, டிபன் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இப்போது உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் பெயரை இனி எந்த ஃபிளெக்ஸிலும் ஏற்ற விடமாட்டேன். நினைவுக் கோப்பை, நினைவுப் பரிசு, எதுவும் வேண்டாம். வருகிற பிள்ளைகளுக்கு ஸ்டெல்லா என்று ஒருத்தி இருந்ததே தெரியாமல் போனாலும் போகட்டும். ஆனால் எனக்கு உடம்பில் தெம்பு இருக்கும்வரை ஒவ்வொரு டிசம்பரும் உன் பாடம் நடக்கும். வகுப்பில் நடத்த விட்டால் அங்கே, வெளியே அனுப்பினால் என் வீட்டுக் கூடத்தில். பெயர் இல்லாமல் நடக்கும். ஒட்டி மறைக்க அதில் அவர்களுக்கு எதுவும் கிடைக்காது.

உன் பெண்ணுக்குச் சித்தியும்
உன்னோடு இன்னும் சண்டை தீராத, கூடப் பிறக்காத தங்கையுமான,
ரங்கநாயகி
ஸ்ரீரங்கம்