ஓநாய் என்று ஒரு பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

சுரங்க வேலைக்குப் போகும்முன் தொட்டிலில் நீங்கள் கட்டிய ஓநாய்ப் பல்லை இன்று காலையில் காணவில்லை.

"அடுப்புல போட்டுட்டேன். உங்கப்பா வைக்கச் சொன்ன 'வூக்'ங்கிற பேருக்கு ஓநாய்னுதானே அர்த்தம்? ஊரு சிரிக்கும். எம்புள்ள பேரு மியோத்ராக், அப்படின்னா செல்லம்," என்றாள் அம்மா.

இறந்துபோன மூன்று தம்பிகளுக்கும் இப்படிச் செல்லமான பெயர்தான் வைத்தாள். பெயர் ஓநாயென்றால் பிள்ளையைக் கொல்லும் சூனியக்காரி அண்டமாட்டாள், பிறந்ததுமே வாசலில் நின்று ஓநாய் பிறந்திருக்கிறது என்று ஊருக்கே கூவ வேண்டும் என்றீர்கள். யாரும் கூவவில்லை.

தொட்டிலில் இருக்கும் தம்பி நேற்றிலிருந்து பால் குடிக்கவில்லை. தூங்குகிறான் என்கிறாள் அம்மா.

கடைக்காரர் கேட்டால்கூட வாய் திறக்காதவள் நான். கதவைத் திறந்து வாசலில் நின்றேன். "எங்க வீட்டுல ஓநாய் பொறந்திருக்கு. பேரு வூக். எல்லாரும் கேட்டுக்குங்க," என்று தெருக்கோடி வரை கேட்கக் கூவினேன்.

உங்கள் மகள்