பாதி டெஸ்ட்டோடு ரயிலேறிய அப்பா

ரெட்டியார்சத்திரம்,
புதன்கிழமை.

என் அன்பு மகள் கீர்த்தனாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, மோட்டார் பட்டறையும் ஓடுகிறது. சென்னையில் நீயும் அம்மாவும் நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், ஆனால் பதில் எனக்கே தெரியும், நீ நலமாக இல்லை, அதற்குக் காரணம் நான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போன் போட்டால் அம்மா எடுக்கிறாள், உன்னிடம் கொடு என்றால் தூங்குகிறாள் என்கிறாள், பின்னாலேயே நீ டிவியில் சேனல் மாற்றுகிற சத்தம் கேட்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது, கிழிக்கத்தான் முடியும். முழுதாகப் படித்துவிட்டுக் கிழி.

சனிக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். ஐந்து வாரமாக அம்மா போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள், உன் முதுகுத் தண்டுக்கு நேரே தோலின் மேல் பட்டை ஒட்டி லேசாகக் கரண்ட் விடுகிறார்கள், இடுப்பில் பெல்ட் கட்டி மேலிருந்து தாங்கி டிரெட்மில்லில் நிறுத்துகிறார்கள், முதல் மூன்று வாரம் பயிற்சி கொடுக்கிற பாத்திமா அக்காதான் கீழே உட்கார்ந்து உன் காலை எடுத்து எடுத்து வைத்தார், இப்போது வலது கால் தானாக முன்னால் வருகிறது என்று. நான் நம்பவில்லை. நேரில் பார்த்தேன், வந்தது, பதினொரு அடி எண்ணினேன். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் என் புத்தி பட்டறைக்குப் போய்விட்டது. எது வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஒன்றை நிறுத்திப் பார்க்க வேண்டும், அதுதான் எங்கள் பழக்கம். கரண்டை நிறுத்திக் காட்டுங்கள் என்று கேட்டேன். நிறுத்தினார்கள், உன் கால் இழுபட்டுப் பின்னால் போனது. நீ கேட்கிற தூரத்தில் இருக்கிறாய் என்றுகூட யோசிக்காமல், “அப்ப நடந்தது மிஷினுதான், இவ இல்ல” என்றேன். எதிரே இருந்த கண்ணாடியில் நீ என்னைப் பார்த்தாய். மதியம் வைகை ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று உன்னிடம் சரியாகச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். திங்கட்கிழமை பாத்திமா அக்கா கூப்பிட வந்தபோது, மிஷின்தானே நடக்குது, அதையே நடக்கச் சொல்லுங்க என்று நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாயாம். நேற்றும் அப்படி, இன்றும் அப்படி. தொடர்ந்து ஐந்து நாள் பயிற்சி விடுபட்டால் இந்த ஆராய்ச்சியிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்று அம்மா அழுகிறாள். மூன்று நாள் போய்விட்டது. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் வியாழனும் போய்விடும். வெள்ளிக்கிழமை ஒன்றுதான் மிச்சம்.

நேற்று பாத்திமா அக்காவே எனக்குப் போன் செய்தார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. நீங்கள் இன்னும் பத்து நிமிஷம் இருந்திருக்கலாம் சார் என்றார். நான் போன பிறகு கரண்டை மறுபடி அதே அளவில் வைத்துவிட்டு, காலை எடுக்க முயற்சியே பண்ணாதே, சும்மா தொங்கு என்று உன்னிடம் சொன்னாராம். கால் வரவில்லையாம், ஒரு அடிகூட. பிறகு, இப்போது நட என்றாராம். நீ அழுதுகொண்டே நடந்தாயாம், ஒன்பது அடி. பார்த்தாயா, கரண்ட் உன் காலை இழுக்கவில்லை, தூங்கிக் கிடக்கிற முதுகுத் தண்டைக் கொஞ்சம் உசுப்பி வைக்கிறது, மேலேயிருந்து நீ சொல்கிற சின்னச் சொல் அதற்குக் கேட்கிற அளவுக்கு, அவ்வளவுதான் என்று அவர் விளக்கியும் நீ ஒத்துக்கொள்ளவில்லையாம். “எங்க அப்பாவுக்குத்தான் கரண்டப் பத்தித் தெரியும், நீங்க என்னத் தேத்துறதுக்குச் சொல்றீங்க” என்றாயாம். பட்டறையில் ஞானராஜ் மாமாவிடம் சொன்னேன். அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. “ஏலே, மோனோபிளாக் பம்புல ஒரு குடம் தண்ணி ஊத்தாம சுவிட்சப் போட்டா சும்மா சுத்தும், கெணத்துலருந்து ஒரு சொட்டு வராது. அதுக்காக அந்த ஒரு குடமாடா வயலுக்குப் பாஞ்சுச்சு? ஆத்தூர்ல பொன்னுத்துரை மோட்டார ஒரு பக்கம் பாத்துட்டு காயில் போச்சுன்னு நான் சொன்னதுக்கு நாள் பூரா என்னய வைஞ்சியே, பிள்ள விஷயத்துல நீ என்ன செஞ்சுட்டு வந்திருக்க” என்று கேட்டான். கரண்டை நிறுத்தி உன்னைப் பார்த்தேன், உன்னை நிறுத்திக் கரண்டைப் பார்க்கவில்லை. பாதி டெஸ்ட் பண்ணிவிட்டு முழு ரிப்போர்ட் சொல்லிவிட்டேன். நான் டிப்ளமோ படித்தவன், பன்னிரண்டு வருஷமாக இதே வேலை, அப்பாவுக்குக் கரண்டைப் பற்றித் தெரியும் என்று நீ நம்புகிறாய் அல்லவா, அந்த முறையிலேயே எழுதித் தருகிறேன், சனிக்கிழமை அந்தப் பதினொரு அடியையும் எடுத்து வைத்தது நீதான். நான் சொன்னது தப்பு.

இதை வைத்து, நீ சீக்கிரம் நடந்துவிடுவாய் என்று அப்பா சொல்வதாக நினைக்காதே. டாக்டரே அப்படிச் சொல்லவில்லை. பன்னிரண்டு வாரம் முடிந்து பட்டையை எடுத்த பிறகு எது தங்கும் எது தங்காது என்று அவர்களுக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆராய்ச்சியே. எனக்கு அதுதான் பயம் கண்ணு. ஆசையை வளர்த்து ஏமாறுவதைவிட முதலிலேயே மிஷின்தான் என்று முடிவு கட்டிவிட்டால் நிம்மதி என்று என் மனசு நினைத்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன்னைப் பின்னால் உட்காரவைத்து அந்த வேகத்தடையில் வண்டியைக் குறைக்காமல் விட்டு உன்னைக் கீழே விழவைத்ததும் இதே அவசரம்தான், ஒரு மோட்டார் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று. நீ அதற்காக என்னை ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. போன சனிக்கிழமைக்காகவாவது கேள். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, பேசாமல் மட்டும் இருக்காதே.

வீட்டு விஷயம், வாசலில் நான் போட்ட சரிவு செங்குத்தாக இருக்கிறது என்று நீ சொன்னதை அப்போது நான் கேட்கவில்லை, நேற்று உன் பழைய சக்கர நாற்காலியில் நானே உட்கார்ந்து ஏறிப் பார்த்தேன், பின்னால் சாய்ந்து விழப் பார்த்தேன், எதிர்க் கடைக்காரர் சிரித்துவிட்டார். உடைத்துவிட்டு நீளமாகக் கட்டுகிறேன். உன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஆத்தூர் அணையில் தண்ணீர் நன்றாக இருக்கிறது, மோட்டார் வேலை நிற்காமல் வருகிறது. ஞானராஜ் மாமா ஸ்டார்ட்டர் சாமான் வாங்க நாளைக் காலை வைகையில் சென்னைக்கு வருகிறான், அவன் கையில்தான் இந்தக் கடிதம், சாயங்காலம் கொண்டுவந்து தருவான். சிறுமலை வாழைப்பழம் கொடுத்துவிட்டிருக்கிறேன், காய்வெட்டாக இருக்கிறது, இரண்டு நாள் கழித்துச் சாப்பிடு. அம்மா என்னிடம் எதையும் ஒளிக்க வேண்டாம், பட்டை ஒட்டிய இடத்தில் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்கச் சொல், உனக்கு அங்கே உணர்ச்சி குறைவு, வலித்துத் தெரியாது. தண்ணீர் குடிக்காமல் ஏமாற்றாதே, ஒன்றுக்குப் போக டியூப் வைக்க வேண்டிய நேரத்தைத் தள்ளிப்போடாதே.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, உன் பயிற்சி நேரத்தில், நான் போன் போட மாட்டேன், போனாயா என்று அம்மாவையும் நச்சரிக்க மாட்டேன். போகப் பிடிக்கவில்லை என்றால் அது உன் உடம்பு, உன் முடிவு, ஆனால் பாத்திமா அக்காவிடம் அதை நீயே சொல், உன் காரணத்தைச் சொல், என் வாயிலிருந்து விழுந்ததைக் காரணமாகச் சொல்லாதே. போனாய் என்றால் அடியை நீயே எண்ணிக்கொள். எத்தனை என்று எனக்குச் சொல்ல வேண்டும் என்று இல்லை. அடுத்த சனிக்கிழமை வருவேன், ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன், கை கட்டிக்கொண்டு. நீ போகலாம் என்று சொல்கிற வரை ரயில் ஏற மாட்டேன்.

கோட்டை மாரியம்மன் உன் பக்கத்திலேயே இருப்பாள் என்று அம்மா எழுதச் சொல்வாள், எழுதிவிட்டேன், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். நீண்ட ஆயுளோடும் உன் இந்தப் பிடிவாதத்தோடும் நன்றாக இரு. மறந்துவிடாதே, உட்கார்ந்த இடத்தில் புண் வராமலிருக்க அரை மணிக்கு ஒரு தரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்கி உட்கார். இதைப் படிக்கிற நேரத்திலேயே அரை மணி ஆகியிருக்கும், இப்போது ஒரு தரம் தூக்கு.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்,
உன் அவசரக்கார அப்பா,
இளஞ்செழியன்.