கம்பளிப்பூச்சி

மல்லாங்கிணறு
6-8-2004, வெள்ளி இரவு

அன்பு மிகுந்த சினேகா அப்பாவுக்கு,

பாண்டிச்செல்வி எழுதுவது. நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் மருந்து ரூமுக்குள் திரும்பிப் போகாதீர்கள். நான் நெய்த கம்பளியின் மேல் இனி ஒரு நிமிஷமும் உட்காராதீர்கள். இவளுக்கு என்ன கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று மடித்துப் பையில் வைத்துவிடாமல் கடைசிவரை படியுங்கள்.

முந்தாநாள் உங்கள் கம்பெனி லோடு இறக்கிவிட்டு இந்தப் பக்கம் வந்த காளிராஜ், நம் வாசலில் நின்று உங்கள் பெருமையை அளந்தான். பட்டாசுக்கு மருந்து செலுத்தும் ரூமிலேயே என் கம்பளியை விரித்து உட்கார்ந்திருக்கிறீர்களாம். போர்மேன் சங்கரபாண்டியன் முதலில் முறைத்தாராம். பிறகு அதன் ஓரத்தில் ஒரு கொத்து பிய்த்து, கேட்டுக்கு வெளியே கொண்டுபோய்த் தீக்குச்சியைக் காட்டினாராம். அது மயிர் நாற்றத்தோடு சுருண்டு அணைந்துபோனதும் அவருக்கு ஒரே ஆச்சரியமாம். இனி எல்லா ரூமுக்கும் கம்பளிதான் என்று ஆர்டரே கொடுத்துவிட்டாராம். "படம் கிடம் ஒண்ணும் வேண்டாமாம் மதினி. வெறுங் கம்பளியா வெரசா நெய்து குடுக்கச் சொன்னாக" என்றான் காளிராஜ்.

படம் கிடம் என்றது எனக்குச் சுருக்கென்று தைத்தது. மதுரைக் கண்காட்சிக்காக நம் காட்டையே படமாக நான் பார்த்துப் பார்த்து நெய்தது அது. கரிசலுக்கு நம் கருப்பு ஆட்டின் மயிர், அறுத்த சோளத்தட்டைக்குப் பழுப்புக் கிடாயின் மயிர், ஓரத்தில் பருத்திக்கு வெள்ளை. சாயம் ஒரு சொட்டு இல்லை. அங்கே வந்தவர்கள் தடவிப் பார்த்துவிட்டு, ஆட்டு வாடை அடிக்கிறது என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு போனார்கள். நீங்கள் மட்டும்தான், நம்ம காட்டுல உக்காந்த மாதிரி இருக்கும் என்று அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சிவகாசிக்குப் பஸ் ஏறினீர்கள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை நான் காட்டிக்கொள்ளவில்லை. உங்களுக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்றுதான்.

ஆர்டர் என்றதும் ஆசை வந்தது, மறைப்பானேன். மழையில்லாமல் காடு வெடித்துக் கிடக்கிறது. ஆடுகளுக்குக் கருவேலங்காய் பொறுக்கியே பொழுது போகிறது. தறி ஓடினால் நீங்கள் அந்த மருந்தை விட்டு வீட்டுக்கு வந்துவிடலாம், பழையபடி நீங்கள் மயிர் அடிக்க நான் நெய்யலாம் என்று அன்றைக்கே தறியில் பாவு பூட்டிவிட்டேன்.

சினேகாவுக்கு அம்மை போட்டிருக்கிறது. பதறாதீர்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது, முகத்திலும் முதுகிலும்தான் முத்து. வேப்பிலை மேல் படுக்க வைத்திருக்கிறேன். இளநீர் குடிக்கிறாள், என்னோடு சண்டையும் போடுகிறாள்.

இன்று பொழுது சாயும்போது கரண்ட் போய்விட்டது. அரிப்புத் தாங்காமல் அழுதவள், கம்பளிப்பூச்சி காட்டச் சொன்னாள். மேல்காற்று அடிக்கும் நாளில், இருட்டில் கம்பளியை உதறி, படபடவென்று பொறி பறப்பதைக் காட்டி, கம்பளிப்பூச்சி கடிக்க வருது என்று அவளைச் சிரிக்க வைத்தது நீங்கள்தானே. நானும் உங்களைப் போலவே ஒரு கம்பளியை எடுத்து உள்ளங்கையால் வேகமாகத் தேய்த்தேன். விரல் நுனியில் நீலமாகத் தெறித்தது. பிள்ளை சிரித்தாள். நான் கம்பளியைக் கீழே போட்டுவிட்டேன்.

கம்பளியில் தீப்பிடிக்காது, சரி. கம்பளியே பொறியைக் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? நைலான் சேலை கட்டி வந்த பெண்களை வாசலோடு திருப்பி அனுப்பியதாக நீங்கள்தானே சொன்னீர்கள். அதே சங்கதிதான் இதுவும். நாமே அதற்குப் பூச்சி என்று செல்லப்பேர் வைத்துக் கொஞ்சிக்கொஞ்சி, அது நெருப்பு என்பதையே மறந்துவிட்டோம். மருந்து ரூமில் நீங்கள் ஒரு தடவை நகர்ந்து உட்கார்ந்தால் போதாதா?

பக்கத்து வீட்டு இருளம்மாளைப் பூத்துக்கு அனுப்பி உங்கள் கம்பெனிக்குப் போன் போடச் சொன்னேன். எடுத்தவர், கம்பளியில் உட்காரக் கூடாதாமா என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாராம். நானே வந்துவிடலாம் என்றால், அம்மை கண்ட வீட்டிலிருந்து படி தாண்டக் கூடாது. பிள்ளையை விட்டுவிட்டும் வர முடியாது. நல்லவேளை, காளிராஜ் விடியுமுன் காலி வண்டியோடு அந்தப் பக்கம் வருகிறான், இதை அவனிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் உள்ளே போயிருந்தால், மகளுக்கு அம்மை என்று கேட்டில் சொல்லச் சொல்லியிருக்கிறேன். கம்பளி என்றால் சிரிப்பார்கள், அம்மை என்றால் உடனே வெளியே அனுப்புவார்கள். பொய்யும் இல்லை பாருங்கள்.

உங்களோடு அதே ரூமில் வேலை பார்க்கிற மாரித்தாய்க்கும் சொல்லுங்கள். கம்பளியை இழுக்காமல், உதறாமல், கிடந்தது கிடந்தபடி விட்டுவிட்டு மெல்ல எழுந்து வரட்டும். போர்மேன் கத்தினால் கத்தட்டும். வேலை போனால் போகட்டும். அவர் ஆர்டருக்குப் பூட்டிய பாவு நூலை அரிவாளால் அறுத்துவிட்டேன். அறுக்கும்போது அழுகை வந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை.

சினேகாவுக்குத் தண்ணீர் ஊற்றும் நாளில் அவள் அப்பா பக்கத்தில் நிற்க வேண்டும் என்று மாரியம்மனிடம் கேட்டிருக்கிறேன். அவள் கொடுப்பாள். நீங்களும் மனசு வையுங்கள்.

நீங்கள் உட்கார்ந்திருப்பதும் நம் காடுதான், நான் நெய்ததுதான். அதை விட்டு எழுந்து வாருங்கள். இந்தக் காடு காய்ந்துதான் கிடக்கிறது. ஆனாலும் இதில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் எனக்குத் தூக்கம் வரும்.

உங்கள் தலை தெருமுனையில் தெரிகிறவரை வாசலையே பார்த்திருக்கும்,
பாண்டிச்செல்வி