தேர்முகப்பில் தொங்கும் ஐந்தாம் விளக்கு

மணிமலை நாடுடைய நெடுமுடிக்கோவின் வெண்குடை நீடு நிழல் பரப்புக. அக்குடைக்கீழ் ஒளிமண்டபம் காக்கும் மந்திரி ஆதன் வேண்மான், தென்மதில் அதிபதி கொற்றங்குடி மழவதரையர்க்கு வரையும் நான்காம் ஓலை. உமது கோட்டையும் குதிரையும் குடிகளும் நலம் பெறுக.

முதல் ஓலைக்கு வெற்றிலை அனுப்பினீர். இரண்டாவதற்கு, விளக்கு தேர்முகப்பில் வெகு அழகாயிருப்பதாக மறுமொழி விடுத்தீர். மூன்றாவதற்கு மறுமொழியே இல்லை. ஆதலின், ஐம்பதாம் பிராயத்தில் ஏடு பிடித்து ஒளிநூல் கற்றுத் தேறிய யாம், கற்றவாறே விளக்குகின்றோம். இம்முறையேனும் முழுதும் படித்தருள்க.

மூலக்கூறு என்பது யாதெனின், அணுக்கள் இரண்டோ பலவோ பிணைந்து ஒன்றாய் நிற்பது. அது ஓயாது ஓடும். அதன் எதிர்முகமாக, பிறநாட்டார் லேசர் என வழங்கும் சீரொளியை நான்கு விளக்குகளால் செலுத்தின், ஒளியின் ஒவ்வொரு மோதலிலும் வேகம் சிறிது குன்றும். வேகம் குன்றலே குளிர்தலாம். குளிர்ந்ததை, ஒளியையே கிண்ணம்போல் வடித்து அதனுள் அடைப்பர். ஆயின் மூலக்கூறு, தனி அணுவைப்போல் அடங்கிய பிறவி அன்று. ஒளியை உண்டு உமிழ்கையில் அதிர்ந்து வேறோர் ஆற்றற்படியில் விழும். விழுந்தது நான்கு விளக்குக்கும் மசியாது, மின்னவும் செய்யாது. அதனைப் பழைய படிக்கு மீட்பதற்கே ஐந்தாம் விளக்கு.

அவ்விளக்கையே, மங்கலாய் எரிகின்றது, மண்டபத்துக்கு நான்கு போதும் எனச் சொல்லித் தேர்த்திருவிழாவுக்குக் கழற்றிச் சென்றனர் உமது சேவகர். மறுநாள் நீரே வந்து கிண்ணத்துள் நோக்கி, ஒளிர்வு காணாது, அரசுடைமையான மூலக்கூறுகளைக் களவாடினாள் என்று கண்ணாடி பொருத்தும் பவழநங்கையைச் சிறையிட்டீர். மூலக்கூறை முந்தானையில் முடிந்தாயோ, மூக்குத்தியில் பதித்தாயோ எனக் காவலர் நகைத்தனராம். தேரைச் சோதித்தால் திருடர் அகப்படுவர் என்றாளாம் அவள். அம்மொழிக்காகப் பத்து நாள் கூட்டினீர். இன்று பத்தொன்பதாம் நாள்.

அவை களவு போகவில்லை. கிண்ணத்துள்ளேயே ஒளிராது கிடந்தன. அன்றாடம் நாங்கள் புதிதாய் அடைப்பவையும் அவ்வாறே சற்று மின்னி மறைகின்றன. அவற்றையும் அவளே திருடினாள் எனின், உமது சிறையில் இருந்துகொண்டு எங்ஙனம் திருடினாள் என்று விளக்கி எழுதுக.

இது கட்டளை. பவழநங்கையை இன்றே விடுக. விளக்கைத் தேரினின்று இறக்கி, சேவகரிடம் கொடாது, நீரே சுமந்து வருக. மயிரிழை பிசகாது அதனைப் பொருத்த அவளன்றி எவரும் அறியார். பொருத்திய பின் கிண்ணத்துள் ஒளிர்வு நிலைக்குமாயின், அவள்முன் நின்று பிழை பொறுக்குமாறு வேண்டுக. நிலையாதாயின், அவளுக்கு விதித்த எஞ்சிய நாள்களை யாம் சிறையிருப்போம்.

மயில்முத்திரை பொறித்து விடுத்தோம். ஐந்தாம் ஓலை இல்லை, யாமே வருவோம்.