என்னை எதிர்த்து ஒரு மனு

ராயப்பேட்டை,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

என் பிரியமுள்ள ரூபீனாவுக்கு, உன் மதினி வஜீஹா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க அல்லாஹ் அருள் புரிவானாக.

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று முகத்தைச் சுளிக்காதே. போனில் நீ அழுவாய், நான் அதட்டுவேன், கடைசியில் இருவரும் அன்றைய சமையலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். அமீன் பாய் திங்கட்கிழமை மஸ்கட் புறப்படுகிறார். அவர் கையில் இதையும் ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாயையும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

உன் அண்ணன் அப்படியேதான் இருக்கிறார். கண் திறந்திருக்கிறது. கரண்டியால் கொடுத்தால் கஞ்சி இறங்குகிறது. நாங்கள் யார் என்று தெரிகிறதா என்பதை மட்டும் டாக்டராலும் சொல்ல முடியவில்லை. மூளையில் கசிந்த ரத்தம் எதை விட்டுவைத்தது, எதைக் கொண்டுபோனது என்று காலம்தான் சொல்லுமாம். அவரைக் கவனித்துக்கொள்ள ஜோதிலட்சுமி என்று ஒரு பெண் வருகிறாள். கூவம் கரையில் இருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்களே, அதில் போன குடும்பம். இரண்டு பஸ் மாறி வருகிறாள். வந்ததும் அவரிடம், "இன்னா நைனா, கடைய தொறக்கலியா? கண்ணாடி போட்டுக்க ஜனம் வாசல்ல நின்னுகினு கீது" என்று ஆரம்பித்துவிடுவாள். அவர் பதில் சொல்வதுபோல அவளே சிரித்துக்கொள்வாள். வீட்டில் சத்தம் கேட்பது அப்போது மட்டும்தான். கண்ணாடிக் கடையை மகன் ஜைத் பார்த்துக்கொள்கிறான். அவன் நிக்காஹ் பேச்சும் முடிந்தது. உன்னிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி, இப்படி மூன்றாவது பத்தியில் வருகிறது, மன்னித்துவிடு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மதினி கோர்ட்டில் போய் கார்டியன் பொறுப்பு வாங்கியதே வீட்டைச் சுருட்டத்தான் என்று நீ ருக்சாரிடம் சொன்னாயாம். உன் சின்னம்மா மகளிடம் ஒன்றைச் சொன்னால் ராயப்பேட்டை முழுக்கச் சொன்ன மாதிரி என்று உனக்குத் தெரியாதா? எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன், இன்னும் சத்தமாக.

நான் கார்டியன் ஆனதற்குக் காரணம் எளிது. அவர் கையெழுத்து இல்லாமல் பாங்க் அசையவில்லை. கடைக்குச் சரக்கு வரவில்லை. அவருக்காகக் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும் என்று கேட்டேன், நீதிமன்றம் என்னை நியமித்தது. அது வரைக்கும் எனக்குத் தூக்கம் கெடவில்லை. இப்போது அவருடைய சொத்து எவை எவை என்று சத்தியம் செய்து தாக்கல் செய்யச் சொல்கிறார்கள். தூக்கம் கெட்டது அங்கேதான்.

மாடி வீடு யாருடையது, ரூபீனா?

நீ கடைசியாக வந்திருந்த பக்ரீத் அன்று சாப்பாட்டின் நடுவில் அவர், "மாடி ரூபீனாவுக்கு, நான் குடுத்துட்டேன்" என்று சொன்னார். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிண்ணே" என்றாய். நம் மார்க்கப்படி தானமாகக் கொடுக்கும் ஹிபாவுக்கு எழுத்து வேண்டாம், கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும், வாங்குகிறவர் ஏற்க வேண்டும், இடத்தைக் கையில் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் சாவியை உன்னிடம் கொடுத்தார். நீ அந்த லீவு முழுவதும் மாடியில்தான் படுத்தாய். ஊருக்குக் கிளம்பும்போது, ஆட்டோ வாசலில் நிற்க, அந்தச் சாவியை என் கையில் வைத்து, "பத்திரமா வெச்சிக்குங்க மதினி" என்றாய். அதற்குப் பிறகு அவர் விழுந்தார்.

நம் வீட்டு மரியாதை நமக்கு வைத்த வினை இது. சொந்த வீட்டைப் பூட்டி எடுத்துப் போகக் கூச்சப்பட்டு, விருந்தாளி மாதிரி சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாய். உன் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாயா, அல்லது எங்கள் வீட்டைத் திருப்பிக் கொடுத்தாயா? அப்போது நான் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கிறதென்றே எனக்குத் தோன்றவில்லை. பார்த்தவர்கள் நாம் மூன்று பேர். ஒருவர் பேசமாட்டார்.

அபிராமபுரத்தில் இருக்கும் நம் வக்கீல் வெங்கடரமணனிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "உங்க நாத்தனார் சாவியத் திருப்பிக் குடுத்துட்டாள்னு நீங்க சொன்னா அதுல பொய் ஒண்ணும் இல்லையேம்மா. ஹிபா பூர்த்தியாகலைன்னு ஆயிடும். மாடி உங்க ஆத்துக்காரர் பேர்லயே இருக்கும்" என்றார். உண்மைதான், பொய்யே இல்லை. மாடியை வாடகைக்கு விட்டால் அவர் சிகிச்சைக்கு ஆகும். அவருக்குப் பிறகு எனக்கும் ஜைதுக்கும் பங்கு வரும். பெண் வீட்டார் கூட, "மாடி காலியாத்தானே இருக்கு" என்று ஒருமுறை கேட்டுவிட்டார்கள். கார்டியனாக நான் செய்ய வேண்டியதும், மனைவியாக எனக்குக் கிடைப்பதும், தாயாக நான் ஆசைப்படுவதும் ஒரே பக்கம் நிற்கின்றன, ரூபீனா. எல்லாம் இப்படி ஒரே பக்கம் நின்றால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். முன்பெல்லாம் அந்த ஆட்டோ நின்ற காலையை நினைத்தால் உன் அழுத முகம் மட்டும்தான் ஞாபகம் வரும். இப்போது நீ சாவியைத் திருப்பிக் கொடுத்த மாதிரிதான் ஞாபகம் வருகிறது. உன் குரல்கூட மாறிவிட்டது. எனக்குத் தெரியாத ஒன்றை எனக்குச் சாதகமாகத் தெரிந்துகொள்ள என் மனம் பழகிக்கொண்டிருக்கிறது.

அதனால் வக்கீலிடம் கேட்டேன், இந்த விஷயத்தில் எனக்கு எதிராக யார் பேசுவார்கள் என்று. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இத்தனை வருஷத்தில் எந்தக் கட்சிக்காரரும் இப்படிக் கேட்டதில்லை என்றார். பிறகு வழி சொன்னார். நீ வந்து ஆட்சேபணை மனு போட்டால், மாடி விஷயத்துக்கு மட்டும் உன் அண்ணனுக்காகப் பேச நீதிமன்றமே வேறு ஒருவரை நியமிக்கும். நான் சாட்சிக் கூண்டில் நின்று, பார்த்ததை மட்டும் சொன்னால் போதும்.

ஆகவே வா. எனக்கு எதிராக ஒரு வக்கீலை வைத்துக்கொள், நல்ல வக்கீலாக வை. எனக்குப் பாவம் பார்த்து அரை மனதாகப் பேசினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். "இது என் வீடு, மதினி" என்று நீதிபதி முன்னால் உரக்கச் சொல். நீ ஜெயித்தால் முதல் பிரியாணி நான் ஆக்குகிறேன். தோற்றாலும் நீ தங்கப்போவது மாடியில்தான், அதில் யார் தீர்ப்பும் எனக்கு வேண்டாம். ஜைதிடம் சொல்லிவிட்டேன். கொஞ்சம் முகம் தூக்கினான், சரியாகிவிடுவான்.

எனக்கென்று கேட்பது ஒன்றே ஒன்று. அவர் விழுந்ததிலிருந்து அவருக்காக பாங்கில் நின்றேன், கோர்ட்டில் நின்றேன், ஆஸ்பத்திரியில் சண்டை போட்டேன். எல்லாம் நன்றாகவே செய்தேன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அடுத்து எதில் கையெழுத்து என்றுதான் தோன்றுகிறது. நீ வந்து அவருடைய தங்கையாக என்னோடு சண்டை போடு. அந்த ஒரு நாளாவது நான் கார்டியனாக இல்லாமல், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுது முடிக்கிறேன்.

உன் பயணத்தை அல்லாஹ் லேசாக்கி வைப்பானாக.

துஆக்களுடன்,
உன் மதினி
வஜீஹா